பெயர் வேண்டாம் என்கிற மூவருக்கு

பால்புதுமையினர் (LGBTQ+) கண்காட்சிக்குப் படம் தந்த மாணவர்களில் மூவர் வீட்டில் இன்னும் சொல்லவில்லை, பெயரட்டையில் என்ன எழுதுவது என்று கேட்டிருக்கிறீர்கள். 'பெயரிலி' வேண்டாம், புகார்ப் பெட்டிக் கடிதம் போலிருக்கும். புனைபெயரை அவர்களே தேர்ந்தெடுக்கட்டும். 1987இல் வாஷிங்டனில் விரிக்கப்பட்ட, எய்ட்ஸால் இறந்தவர்களின் நினைவாகத் தைத்து இணைத்த எய்ட்ஸ் நினைவுப் போர்வையின் துண்டுகள் ஒவ்வொன்றும் 3 அடிக்கு 6 அடி. முழுப் பெயர் இல்லாத துண்டுகளும் அந்தப் போர்வையில் உண்டு.

பெயரட்டையைவிட ஆளைக் காட்டிக்கொடுப்பது படத்தின் மூலையில் இருக்கும் கையெழுத்துதான். படச்சட்டத்துக்குள் படத்தைச் சுற்றி வைக்கும் ஓர அட்டையை அரை அங்குலம் அகலமாக வெட்டினால் மறைந்துவிடும். படத்தின் பின்புறத்தையும் திருப்பிப் பாருங்கள். நாங்கள் நடத்தியபோது அங்கேதான் பென்சிலில் பெயரும் வகுப்பும் இருந்தன! திறப்பு நாளில் அந்த மூவரையும் படத்துக்குப் பக்கத்தில் நிற்கச் சொல்லாதீர்கள்.