டிரக் இழுக்கும், தாங்குமா? ஃபிஃப்த் வீல்ல குடியேறப் போறவருக்கு

டல்லாஸ் பக்கத்துல இருந்து ஒரு வாசகர் எழுதியிருக்காரு. வயசு 58, மனைவிக்கு 55. பசங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போயிட்டாங்க, வீட்ட வித்துட்டு ஃபிஃப்த் வீல் (பிக்கப் டிரக் இழுத்துட்டுப் போற பெரிய வீட்டு வண்டி) ஒண்ணு வாங்கி வருஷம் பூரா அதுலயே இருந்து அமெரிக்காவ சுத்தலாம்னு முடிவு பண்ணிட்டாங்க. கையில ஏற்கனவே முக்கால் டன்னுன்னு சொல்ற வகை டீசல் பிக்கப் டிரக் இருக்கு. டீலர்கிட்ட போனா 40 அடி நீளத்துல, மொத்த எடை வரம்பு 16,000 பவுண்டு போட்ட ஒரு வண்டியக் காட்டி "உங்க டிரக் இத தாராளமா இழுக்கும்"னு சொல்லியிருக்காங்க. இவரு கேக்கறது என்னன்னா, ஃபிரிட்ஜ் கேஸ்ல ஓடுறது நல்லதா வீட்டு ஃபிரிட்ஜ் நல்லதா, வாஷர் டிரையர் உள்ளேயே வச்சுக்கலாமா, மிக்ஸி கிரைண்டர் தாளிப்புன்னு நம்ம சமையல் அதுக்குள்ள நடக்குமா.

சார், ஃபிரிட்ஜுக்கு அப்புறம் வர்றேன். இந்த வண்டிங்கள வாங்கறதுக்கு முன்னாடி பரிசோதிச்சுக் குடுக்கறது என் தொழில், என்கிட்ட வர்றவங்கள்ல முக்காவாசிப் பேர் உங்கள மாதிரிதான் ஃபிரிட்ஜ், சோஃபா, டிவின்னு உள்ள இருக்கறதப் பத்திக் கேக்கறாங்க, கீழ தாங்கப் போற டிரக்கப் பத்தி கேக்கறதே இல்ல.

நீங்க அனுப்பின போட்டோல டிரைவர் கதவத் தொறந்தா உள்பக்கம் ஒட்டியிருக்கற மஞ்சள் வெள்ளை ஸ்டிக்கர் தெளிவா தெரியுது. ஆளுங்களும் சாமானும் சேத்து 2,080 பவுண்டத் தாண்டக் கூடாதுன்னு போட்டிருக்கு. உங்க டிரக்குக்கு சட்டம் அதுதான். விளம்பரத்துல வர்ற பத்தொம்பதாயிரம் இருபதாயிரம்ங்கற நம்பர் இழுக்கற நம்பர். மாடு ரெண்டு டன் வண்டிய இழுக்கும், அதுக்காக ரெண்டு டன்ன அது முதுகுல ஏத்துவீங்களா? ஃபிஃப்த் வீல்ங்கறது சாதா டிரெய்லர் மாதிரி பின்னாடி பம்பர்கிட்ட தொங்குறது இல்ல, டிரக்கோட பெட்ல, பின் ஆக்ஸிலுக்கு மேல ஹிட்ச்ங்கற இணைப்ப வச்சு அதுல வந்து உக்காருது, அதனால டிரெய்லரோட எடையில 20லேர்ந்து 25 சதவீதம் நேரா டிரக் முதுகுலதான் இறங்கும். பின் வெயிட்னு (pin weight, பின்பக்கம்ங்கற பின் இல்ல) சொல்றது அதத்தான்.

இப்ப கணக்குப் போடுங்க. 16,000க்கு 20 சதவீதம்னாலே 3,200 பவுண்டு. 25 ஆச்சுன்னா 4,000. உங்க ரெண்டு பேரு எடை, ஹிட்ச் ஒரு 150, டூல் பாக்ஸ், கொஞ்சம் தட்டுமுட்டு சாமான் எல்லாம் கழிச்சா 2,080ல மிஞ்சறது 1,500 கூட வராது. வேண்டியதுல பாதி கூட இல்ல. பிரோஷர்ல பின் வெயிட் கம்மியா போட்டிருக்கேன்னு கேப்பீங்க, அது ஃபேக்டரிய விட்டு காலியா வெளிய வந்தப்ப இருந்த எடை, அதுல தண்ணி இல்ல, அரிசி மூட்டை இல்ல, உங்க துணிமணி இல்ல. தண்ணி மட்டுமே ஒரு கேலன் 8.34 பவுண்டு, 60 கேலன் டேங்க் நிரப்புனா 500 பவுண்டு.

இந்த இடத்துல டீலர் அடுத்த அஸ்திரத்த எடுப்பான், "ஏர் பேக் போட்டுடலாம் சார், டிரக் பின்னாடி இறங்கவே இறங்காது"ன்னு. விபத்துல விரியற பை இல்ல, பின் ஸ்பிரிங்குக்குத் துணையா வைக்கற காத்துப் பை. எனக்கு எரிச்சல் வர்ற விஷயம் இது ஒண்ணுதான்னு கூட சொல்லலாம். ஏர் பேக் டிரக்க நேரா நிக்க வைக்கும், அவ்வளவுதான். ஸ்டிக்கர்ல இருக்கற நம்பர் ஒரு பவுண்டு கூட ஏறாது, ஆக்ஸில் அதேதான், டயர் அதேதான், பிரேக் அதேதான். ஓவர்லோடு கண்ணுக்குத் தெரியாம மறைக்கறதுக்கு நீங்களே காசு குடுக்கறீங்க, மலை இறக்கத்துல பிரேக் சூடாகும்போதுதான் தெரியும்.

சரி, இதுக்கு ஒரே ஒரு விலக்கு இருக்கு, அத கொஞ்சம் விரிவாவே சொல்லிடறேன் ஏன்னா நம்ம ஆளுங்க நிறைய பேர் கடைசில அங்கதான் போய் நிக்கறாங்க. ஊர் சுத்தறது ரெண்டாம்பட்சம், இந்த மாதிரி வண்டிங்க நிறுத்தறதுக்குன்னே இருக்கற ஒரு பார்க்ல மாச வாடகைக்கு இடம் பிடிச்சு ஆறு மாசம் ஒரு வருஷம்னு ஒரே இடத்துல இருக்கப் போறோம்னா டிரக்கப் பத்தி கவலையே வேணாம், மைலுக்கு இவ்வளவுன்னு வாங்கிட்டு இழுத்துட்டுப் போய் விடறதுக்குன்னே தொழில்முறை ஆளுங்க பெரிய டிரக்கோட இருக்காங்க, வருஷத்துக்கு ஒரு தடவ ரெண்டு தடவ அவங்கள கூப்பிட்டா புது டிரக் வாங்கற செலவுல கால்வாசி கூட ஆகாது. கூப்பிடறதுக்கு முன்னாடி அவங்க இன்சூரன்ஸ் பேப்பர் கேட்டு வாங்கிப் பாருங்க. ஆனா ஒரு நிபந்தனை, டெக்சாஸ், லூசியானா, ஃபுளோரிடான்னு கடலோரமா இருக்கற பார்க்குன்னா இந்த ஏற்பாடு உதவாது, ஜூன் 1லேர்ந்து நவம்பர் 30 வரைக்கும் புயல் சீசன், வெளியேறச் சொன்னா ரெண்டு நாள்ல கிளம்பணும், அன்னிக்கு எல்லாரும் ஒரே ஆளத்தான் ஃபோன் பண்ணிட்டு இருப்பாங்க. உள்நாட்டுப் பக்கம்னா ஓகே. இன்னொண்ணு, நிறைய பார்க்ல பத்து வருஷத்துக்கு மேல பழைய வண்டிய உள்ள விட மாட்டாங்க, நிரந்தரமா இருக்கறேன்னு நினைச்சு எட்டு வருஷப் பழசு வாங்கினா ரெண்டு வருஷத்துல வேற பார்க் மாறும்போது வாசல்லயே நிறுத்திடுவாங்க.

நிஜமாவே சுத்தப் போறீங்கன்னா ஒரு டன் வகை டிரக், பின்னாடி ஒரு பக்கத்துக்கு ரெண்டு சக்கரம் இருக்கற டூயலி, அதுதான். அதோட ஸ்டிக்கரையும் பாத்துட்டு வாங்குங்க. அப்படி வாங்கினா டிரக்கோட மொத்த எடை வரம்பு 14,000 பவுண்டு, டிரெய்லரோட வரம்பு 16,000, ரெண்டும் சேந்து 26,000ஐத் தாண்டுது, டெக்சாஸ்ல அதுக்கு சாதாரண கிளாஸ் சி லைசென்ஸ் செல்லாது, கமர்ஷியல் இல்லாத கிளாஸ் ஏ எடுக்கணும், அதுக்கு தனியா டெஸ்ட் இருக்கு. எந்த சேல்ஸ்மேனாவது இத உங்களுக்கு சொன்னானா? சொல்ல மாட்டான், அவன் வேலை சாவியக் குடுக்கறதோட முடிஞ்சுது.

இப்ப ஃபிரிட்ஜ். கேஸ் ஃபிரிட்ஜுன்னு சொல்றது அமோனியாவ சூடு பண்ணி குளிர வைக்கற வகை, புரோபேன்லயும் ஓடும் கரண்ட்லயும் ஓடும். கரண்டே இல்லாத காட்டுல வாரக்கணக்குல நிக்கறவங்களுக்கு அது சரி. உங்களுக்கு வேணாம். வண்டி கொஞ்சம் சாய்ஞ்சு நின்னாலே ஒழுங்கா வேலை செய்யாது, வெளிய 100 டிகிரி ஃபாரன்ஹீட் தாண்டினா உள்ள பால் கெடலாம், பழைய மாடல் சிலது தீப்பிடிச்சு ரீகால் ஆன கதையும் உண்டு. மாவு அரைச்சு ரெண்டு டப்பா, ரெண்டு கேலன் பால், தயிர், காய்கறின்னு அடுக்குற வீட்டுக்கு கதவத் தொறந்து மூடினா திரும்ப குளிர மணிக்கணக்கு ஆகுற பெட்டி சரிப்படாது. பார்க்ல கரண்ட் இருக்கற இடத்துலதான் பெரும்பாலும் நிப்பீங்கன்னா வீட்டு ஃபிரிட்ஜே போதும், இல்லேன்னா 12 வோல்ட்ல ஓடுற கம்ப்ரசர் ஃபிரிட்ஜ். வீட்டு ஃபிரிட்ஜுன்னா ஒண்ணு பாருங்க, அளவு டேப் எடுத்துட்டுப் போங்க, ஃபிரிட்ஜோட அகலத்தையும் வாசக் கதவோட அகலத்தையும் அளங்க. ஃபேக்டரில சுவர் வைக்கறதுக்கு முன்னாடியே ஃபிரிட்ஜ உள்ள வச்சுடறாங்க, அஞ்சு வருஷம் கழிச்சு அது செத்துப் போனா வெளிய எடுக்க ஜன்னலக் கழட்டணும்.

இன்வெர்ட்டர் பேட்டரி பத்தி ரொம்ப போட்டுக் குழப்பிக்காதீங்க, வழியில நாலு மணி நேரம் கதவத் தொறக்காம வச்சா குளிர் நிக்கும். "சோலார் பேக்கேஜ்"னு கூடுதலா விக்கறத அவசரப்பட்டு வாங்காதீங்க, ஒரு 100 ஆம்ப் அவர் லித்தியம் பேட்டரில வீட்டு ஃபிரிட்ஜ் முழுசா ஒரு நாள் ஓடறதே கஷ்டம்.

ஃபிரிட்ஜ விட முக்கியமா ஒரு பொருள் வாங்கணும், கரண்ட் பாதுகாப்பு பாக்ஸ், டீலர் அதப் பத்தி வாயே தொறக்க மாட்டான். அதுக்கு முன்னாடி, 50 ஆம்ப் கரண்ட் கனெக்‌ஷன் உள்ள வண்டியா பாத்து வாங்குங்க, 30 ஆம்ப்ல மொத்தமே 3,600 வாட், ஒரு ஏசி ஓடும்போது மைக்ரோவேவ் போட்டா ட்ரிப் ஆகும், 50 ஆம்ப்ல 12,000 வாட் கிடைக்கும், டெக்சாஸ் வெயிலுக்கு ரெண்டு ஏசி இல்லாம முடியாது. ஆனா பார்க்ல அந்த பிளக் மாட்டற கம்பத்துல நியூட்ரல் ஒயர் லூசா இருந்துச்சுன்னா உள்ள 120 வோல்ட் வர வேண்டிய இடத்துல 180, 200னு எகிறும், ஃபிரிட்ஜ் போர்டு, மைக்ரோவேவ், டிவி எல்லாம் ஒரே நொடில காலி. அதனால வோல்டேஜப் பாத்து தானா கட் பண்ற நல்ல பாதுகாப்பு பாக்ஸ் ஒண்ணு வாங்கி, முதல்ல அதக் கம்பத்துல மாட்டி, பச்சை காட்டின பிறகுதான் வண்டிக் கேபிள மாட்டணும். வெறும் சர்ஜ் புரொடெக்டர்னு விலை கம்மியா விக்கறது லூஸ் நியூட்ரலுக்கு உதவாது.

சமையலுக்கு வருவோம். ஊர்லேர்ந்து கொண்டு வந்த 230 வோல்ட் மிக்ஸிய விட்டுடுங்க, 110-120 வோல்ட் மிக்ஸியும் டேபிள் டாப் கிரைண்டரும் இங்கயே இந்தியன் கடைல கிடைக்கும். வண்டி ஓடும்போது கிரைண்டர மட்டும் மேல் ஷெல்ஃப்ல வைக்காதீங்க, தரையில வச்சுக் கட்டுங்க. தாளிப்புதான் நிஜமான பிரச்சனை. அடுப்புக்கு மேல இருக்கற ஃபேன் புகைய வெளிய தள்ளுதா இல்ல ஃபில்டர் வழியா திரும்ப உங்க மூஞ்சிலேயே விடுதான்னு பாருங்க, நிறைய வண்டில ரெண்டாவதுதான். வெளிய தள்ளுற மாடல்லயும் ஒரு வேடிக்கை இருக்கு. வண்டிக்கு வெளிய போய் அந்த வெண்ட் மூடியப் பாருங்க, பயணத்துல படபடன்னு அடிக்காம இருக்க ரெண்டு சின்ன பிளாஸ்டிக் கொக்கி இருக்கும், அதத் திருப்பி விட்டாத்தான் மூடி தொறக்கும். வாங்கி ரெண்டு வருஷம் ஆன வண்டில கூட அந்தக் கொக்கி மூடினபடியே இருந்து, உள்ள ஹூட் முழுக்க எண்ணெய் பிசுபிசுன்னு ஒட்டிக் கெடக்கறதப் பாத்திருக்கேன், அந்த வீட்டம்மா ஃபேன் சரியில்லன்னு ரெண்டு ஃபேன் மாத்தியிருந்தாங்க. சாதம், இட்லின்னு தினம் ஆவி கிளம்பும், சுவர் மெல்லிசு, குளிர்காலத்துல ஜன்னல்ல தண்ணி வழியும், மெத்தைக்கு அடில பூஞ்சை பிடிக்கும். சின்ன டிஹியூமிடிஃபையர் ஒண்ணு கண்டிப்பா.

வாஷர் டிரையர், முதல் வருஷம் வேணாம். பெரும்பாலும் அது முன்பக்க பெட்ரூம் அலமாரில வரும், அதாவது அந்த எடையில பெரும்பகுதி பின் வெயிட்டுல போய் சேரும். ஒரே மெஷின்ல துவைச்சுக் காய வைக்கற வகை ஒரு லோடுக்கு மூணு மணி நேரம் எடுக்கும். பார்க் லாண்டரிய பயன்படுத்திப் பாருங்க, கனெக்‌ஷன் மட்டும் இருக்கற வண்டியா எடுத்துக்கங்க, பின்னாடி தோணினா போட்டுக்கலாம்.

டீலர் யார்டுல எல்லா ஸ்லைடையும் (சுவரோட சேந்து வெளிய நகர்ற பகுதி) வெளிய தள்ளி ஹால் மாதிரி வச்சுக் காட்டுவாங்க. நீங்க எல்லாத்தையும் உள்ள இழுக்கச் சொல்லுங்க. இழுத்த பிறகு ஃபிரிட்ஜ் கதவு தொறக்குதா, பாத்ரூமுக்குப் போக முடியுதா, படுக்கைல ஏற முடியுதா? ஹைவேல ரெஸ்ட் ஏரியால நிக்கும்போது உங்களுக்கு அந்த வண்டிதான் கிடைக்கும்.

வாரண்டி பத்தி ஒரு வார்த்தை. "ஃபோர் சீசன்", "ஆர்க்டிக் பேக்கேஜ்"னு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கறதுக்கு எந்த பொது அளவுகோலும் கிடையாது, கம்பெனிக்குக் கம்பெனி ஒரு அர்த்தம். அதே கம்பெனியோட வாரண்டி புத்தகத்தப் புரட்டினா நிரந்தரமா குடியிருந்தா வாரண்டி கிடையாதுன்னு சின்ன எழுத்துல இருக்கும். எல்லாத்துலயும் இல்ல, ஆனா நிறைய இடத்துல. வாங்கறதுக்கு முன்னாடி அந்தப் பக்கத்த காட்டச் சொல்லிப் படிங்க. இந்த நாட்டுல இந்த வண்டில பெரும்பகுதி இண்டியானாவுல எல்கார்ட் சுத்துவட்டாரத்துலதான் செய்யறாங்க, லோகோ நிறைய இருக்கு ஆனா தோர், ஃபாரஸ்ட் ரிவர், வின்னபேகோன்னு மூணு பெரிய குழுமத்துக்குள்ள பாதிக்கு மேல அடங்கிடும், அவசர அவசரமா ஒட்டி அனுப்பறாங்க, ரிப்பேர நம்ம தலையில கட்டறாங்க. சர்வீஸுக்கு விட்டா வாரக்கணக்குல நிக்கும். வீக்எண்டுக்கு வச்சிருக்கறவனுக்கு அது தொல்லை, உங்களுக்கு அது வீடு, அந்த வாரமெல்லாம் எங்க படுப்பீங்கன்னு சர்வீஸ் கவுண்டர்ல ஒருத்தனும் கேக்க மாட்டான். அதனாலதான் நான் மூணு நாலு வருஷப் பழசு, முதல் ஓனர் எல்லா ஒழுகலையும் அடைச்சு முடிச்ச வண்டியா பாக்கச் சொல்றேன். வெளி ஆள் ஒருத்தர வச்சு பரிசோதிக்க ஆயிரம் டாலர் கூட ஆகலாம், குடுங்க, ஆனா டீலர் சிபாரிசு பண்ற ஆள் வேணாம். டயரோட பக்கவாட்டுல அச்சடிச்சிருக்கற DOT குறியீட்டுல கடைசி நாலு எண்ணப் பாருங்க, 2319ன்னா 2019ல 23ஆவது வாரம் செஞ்சது, டயர் மேல இருக்கற பள்ள வரி தேயாம இருந்தாலும் மாத்திடுங்க.

கடைசியா கையெழுத்துப் போடற ரூம். லோன் வாங்கறதா இருந்தா ஃபார்ம்ல இதுலயே குடியிருக்கப் போறீங்களான்னு ஒரு கேள்வி வரும், ஏன்னா நிறைய பேங்க் குடியிருக்கறவங்களுக்கு லோன் குடுக்கறதில்ல. அந்த ஃபைனான்ஸ் ஆளு சிரிச்சுக்கிட்டே "சும்மா லீவுக்குன்னு போடுங்க"ம்பான். போடாதீங்க. நாளைக்கு தீயோ புயலோ வந்து கிளெய்ம் பண்ணும்போது இன்சூரன்ஸ்காரன் அந்த ஃபார்மையும் தோண்டி எடுக்கலாம், அதுல இருக்கறது உங்க கையெழுத்து, அவனோடது இல்ல. வீட்ட வித்த பணம் இருக்கு இல்லையா, முடிஞ்சா ரொக்கமா குடுங்க, இன்சூரன்ஸ் எடுக்கும்போது நிரந்தரமா குடியிருக்கறவங்களுக்கான பாலிசின்னே கேட்டு வாங்குங்க.