மூன்று சிறுவர்களில் நம்மவர் யார்?

கேள்வி: என் அம்மாவின் கொள்ளுத்தாத்தா இங்கிலாந்திலிருந்து வந்து சென்னை மாகாணத்தில் ரயில்வேயில் வேலை பார்த்தவர். 1893-ல் இங்கேயே தேவாலயத்தில் திருமணம். 1921-ல் 53 வயதில் இறந்ததாகக் கல்லறையில் இருக்கிறது. இங்கிலாந்தின் 1881 சென்சஸை இணையத்தில் தேடினேன். அதே பெயரில் மூன்று சிறுவர்கள் வருகிறார்கள். ஒருவனுக்கு 13 வயது, மற்ற இருவருக்கும் 12. ஒருவனின் அப்பா ரயில்வே ஊழியர். அவன்தான் எங்கள் தாத்தா என்று குடும்ப மரத்தில் சேர்த்துவிடலாமா? சில தளங்கள் பணம் கேட்கின்றன, கட்டலாமா? நம் நாட்டு சென்சஸையும் இப்படிப் பார்க்க முடியுமா?

பதில்: இப்போதைக்குச் சேர்க்காதீர்கள். அப்பாவுக்கு ரயில்வே வேலை என்பது ஒரு துப்பு, அவ்வளவுதான். 1881-ல் அந்த நாட்டில் ரயில்வேக்காரர்களுக்குப் பஞ்சமே இல்லை. பெயரும் வயதும் ஒத்துப்போகிற மூவரில் மனதுக்குப் பிடித்தவரைத் தாத்தாவாக்கிவிட்டால், அதற்கு மேல் நீங்கள் தேடிப் பிடிக்கும் பாட்டன், முப்பாட்டன் எல்லாரும் அடுத்த வீட்டுக்காரர்களாகிவிடுவார்கள். மற்ற இருவரும் ஏன் இல்லை என்று காட்ட முடிந்தால்தான் மிச்சமிருப்பவர் உங்களவர்.

முதலில் வயது. சென்சஸில் இருப்பது பிறந்த ஆண்டு அல்ல, கணக்கெடுத்த இரவில் என்ன வயது என்பது மட்டுமே. 1881-ல் அது ஏப்ரல் 3 இரவு. அன்று 12 வயது என்றால் 1868 ஏப்ரல் 4-க்கும் 1869 ஏப்ரல் 3-க்கும் இடையில் பிறந்தவன். தளங்களோ 1881-ல் 12-ஐக் கழித்து 'சுமார் 1869' என்று போட்டுவிடும். ஒன்பது மாதப் பிறப்புகளுக்கு அது தவறு. கல்லறைக் கணக்குப்படி உங்கள் தாத்தா 1867 அல்லது 1868-ல் பிறந்திருக்க வேண்டும். ஆக மூவருமே பொருந்துகிறார்கள். கல்லறையில் வயதைச் சொன்னவர் ஓராண்டு கூட்டியோ குறைத்தோ சொல்லியிருக்கலாம் என்பதையும் மனதில் வையுங்கள். வயதை வைத்து யாரையும் தள்ள முடியாது.

அடுத்து இங்கிலாந்தை விட்டுவிட்டு 1893-க்கு வாருங்கள். சென்னை மாகாணத் தேவாலயங்களின் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றின் நகல்கள் லண்டனுக்கு அனுப்பப்பட்டன. இப்போது அவை பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் (லண்டனிலிருந்து இந்திய ஆட்சியைக் கவனித்த அலுவலகம்) ஆவணங்களில், 'என் 2' என்ற வரிசையில் இருக்கின்றன. ஃபைண்ட்மைபாஸ்ட் என்ற கட்டணத் தளத்தில் படமாகவே பார்க்கலாம். அந்தக் காலத் திருமணப் பதிவில் பெரும்பாலும் மணமகனின் வயது, தொழில், தந்தை பெயர் மூன்றும் இருக்கும். தந்தை பெயர் கிடைத்தால் போதும், மூன்று வீடுகளின் குடும்பத் தலைவர் பெயரோடு ஒப்பிடுங்கள். ஒருவர், சில சமயம் இருவரும், அங்கேயே கழன்றுவிடுவார்கள்.

அதன் பிறகு ஒவ்வொரு சிறுவனையும் முன்னோக்கித் துரத்துங்கள். 1891 (ஏப்ரல் 5), 1901 (மார்ச் 31), 1911 (ஏப்ரல் 2) என்று மூன்று கணக்கெடுப்புகள் இருக்கின்றன. 1901-ல் லீட்ஸில் மனைவி மக்களோடு குடியிருப்பவர் உங்கள் தாத்தாவாக இருக்க முடியாது. இறப்புப் பதிவு அட்டவணையையும் பாருங்கள், ஒரு பையன் 15 வயதிலேயே போயிருக்கலாம். 1891-ல் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அதற்குப் பின் எந்தக் கணக்கிலும் இறப்பு அட்டவணையிலும் அகப்படாதவன்தான் கப்பலேறியவனாக இருக்க வாய்ப்பு. அவனும் கனடாவுக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ ஏறியிருக்கலாம் என்பதால் இதையும் முடிவாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

1911 கணக்கெடுப்பில் நிறையப் பேர் கவனிக்காத ஒரு பொக்கிஷம் உண்டு. மணமான பெண்களிடம் இந்தத் திருமணம் ஆகி எத்தனை ஆண்டு, உயிரோடு பிறந்த குழந்தைகள் எத்தனை, இருப்பவர் எத்தனை, இறந்தவர் எத்தனை என்று கேட்டார்கள். விதவைகள் எழுத வேண்டியதில்லை. ஆனாலும் பலர் எழுதினார்கள், அதிகாரி அடித்துவிட்டிருந்தாலும் எண்ணைப் படிக்க முடியும். அந்தச் சிறுவனின் அம்மா 1911-ல் உயிரோடிருந்து, 'இருப்பவர் ஆறு' என்று எழுதி, இங்கிலாந்தில் உங்களால் ஐந்து பேரைத்தான் கண்டுபிடிக்க முடிகிறது என்றால், அந்த ஆறாவது பிள்ளை எங்கே இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். பெரும்பாலும் 1911-ல்தான் குடும்பத்தார் தங்கள் கையால் நிரப்பிய தாளே பாதுகாக்கப்பட்டிருக்கிறது. அதற்கு முந்தையவை கணக்கெடுப்பாளர் தன் புத்தகத்தில் பார்த்து எழுதிய பிரதிகள், எனவே அவர் செய்த பிழையும் கூடவே வரும்.

பின்னோக்கி 1871 (ஏப்ரல் 2) பக்கமும் ஒரு நடை போங்கள். அங்கே இரண்டு மூன்று வயதுக் குழந்தை அதே பெற்றோரிடம் இருக்கிறதா? இல்லையென்றால் அப்பா இறந்து அம்மா மறுமணம் செய்திருக்கலாம். மாற்றாந்தந்தையின் குடும்பப் பெயரையே பிள்ளைகளுக்கும் எழுதிவிடும் வழக்கம் சர்வ சாதாரணம். இதனால் உங்கள் உண்மையான தாத்தா அந்த மூவரிலேயே இல்லாமல், நான்காவது பையனாக வேறு குடும்பப் பெயரில் ஒளிந்திருக்கவும் கூடும்.

'தேடினேன், இல்லை' என்று முடிவு கட்டுவதற்கு முன் எப்படித் தேடினீர்கள் என்று பாருங்கள். தளம் தேடுவது பழைய கையெழுத்தை அல்ல, யாரோ அதைப் படித்துத் தட்டச்சு செய்த பிரதியை. ஆங்கிலக் கையெழுத்தில் பெரிய எல்லும் எஸ்ஸும், டியும் எஃப்பும், ஐயும் ஜேயும் அடிக்கடி இடம் மாறும். இரட்டை எஸ்ஸில் முதலாவதை நீட்டி எழுதுவார்கள், அது எஃப் ஆகவோ பி ஆகவோ தட்டச்சாகியிருக்கும். ஹாரிஸ் வாயால் சொன்னபோது ஆரிஸ் ஆகியிருப்பார். முதற்பெயர்கள் சுருங்கும்: வில்லியத்தை டபிள்யூ-எம் என்ற இரண்டே எழுத்தில் முடித்துவிடுவார்கள். வயதின் மேல் பிற்பாடு குமாஸ்தாக்கள் இழுத்த பென்சில் கோடு 3-ஐ 8 ஆக்கும்.

ஆகவே கட்டங்களை எல்லாம் நிரப்பித் தேடுவதுதான் மிக மோசமான தேடல். ஒவ்வொன்றாக எடுத்துவிடுங்கள். சந்தேகமான ஓர் எழுத்துக்குக் கேள்விக்குறி, பல எழுத்துக்கு நட்சத்திரக்குறி போடலாம். அதுவும் பலிக்கவில்லையா, குடும்பப் பெயரையே விட்டுவிட்டு முதற்பெயர், வயது (இரண்டு ஆண்டு முன்பின்), பிறந்த ஊர் மட்டும் கொடுங்கள். தம்பி தங்கைகளில் யாருக்காவது அபூர்வமான பெயர் இருந்தால் அவரைத் தேடுங்கள், தாத்தா பக்கத்து வரியில் உட்கார்ந்திருப்பார். அப்போதும் இல்லையென்றால் வேறு தளத்துக்குப் போங்கள். பெரும்பாலான ஆண்டுகளின் கணக்கெடுப்பை ஆன்செஸ்ட்ரி ஒருமுறையும் ஃபைண்ட்மைபாஸ்ட் ஒருமுறையும் தனித்தனியே படித்துத் தட்டச்சு செய்திருக்கின்றன. ஓரிடத்தில் கெட்டது இன்னோரிடத்தில் சரியாக இருக்கும். உண்மையிலேயே அழிந்துபோன பக்கங்களும் உண்டு. 1851-ன் மான்செஸ்டர் புத்தகங்கள் பல தண்ணீரில் நனைந்து கெட்டவை. 1931 முழுவதும் 1942 டிசம்பரில் தீயில் போயிற்று, 1941-ல் போரினால் எடுக்கவே இல்லை.

கிடைத்தவுடன் தட்டச்சுப் பிரதியோடு நிற்காமல் பக்கத்தின் படத்தைத் திறங்கள். முன் பக்கம், பின் பக்கம் இரண்டையும் புரட்டுங்கள். குடும்பம் பக்கத்தின் அடியில் தொடங்கி மறுபக்கத்தில் முடிவது அடிக்கடி நடக்கும். பெயரை ஒட்டிய ஒற்றைச் சாய்கோடு ஒரு குடித்தனம் முடிந்ததையும் இரட்டைக் கோடு அந்தக் கட்டடமே முடிந்ததையும் காட்டும். உறவு முறைக் கட்டத்தில் ஒரு பொறி இருக்கிறது: 'இன்-லா' என்பது அன்று மாற்றாந்தாய், மாற்றாந்தந்தை உறவுக்கும் வழங்கியது. பன்னிரண்டு வயதுப் பையனுக்கு நேராக 'சன்-இன்-லா' என்றிருந்தால் அவன் மருமகன் அல்ல, மனைவியின் முந்தைய திருமணத்துப் பிள்ளை. தொழில் கட்டத்தில் 'ஸ்காலர்' என்றிருந்தால் பண்டிதர் என்று மயங்க வேண்டாம், பள்ளிக்கூடம் போகிற குழந்தை, அவ்வளவே.

படத்தைச் சேமிக்கும்போது ஆவண எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். 1881-க்கு அது 'ஆர்ஜி 11', அதன் பின் பீஸ் எண் (ஆவணக் கட்டின் எண்), ஃபோலியோ (தாளின் எண்), பக்கம். ஃபோலியோ எண் தாளின் வலது மேல் மூலையில் முத்திரையாக ஒருமுறைதான் இருக்கும், அதன் இரு பக்கங்களுக்கும் அதுவே பொருந்தும். தளம் மாறினாலும் சந்தா முடிந்தாலும் இந்த எண் மாறாது. மற்றவர்கள் போட்டு வைத்திருக்கும் குடும்ப மரங்களைப் பார்க்கலாம், ஆனால் இந்த எண்ணோ வேறு ஆதாரமோ இல்லாத மரத்திலிருந்து ஓர் இலையைக்கூடப் பறிக்காதீர்கள். பத்துப் பேர் ஒரே மாதிரி எழுதியிருந்தால் ஒருவரைப் பார்த்து ஒன்பது பேர் எழுதினார்கள் என்றும் இருக்கலாம்.

பணம்: உடனே கட்டாதீர்கள். 1881-ன் தட்டச்சுப் பிரதி முழுவதும் ஃபேமிலிசர்ச் தளத்தில் இலவசம், கணக்கு தொடங்கினால் போதும். தன்னார்வலர்கள் தட்டச்சு செய்த ஃப்ரீசென் தளமும் இலவசம், ஆனால் எல்லா மாவட்டமும் எல்லா ஆண்டும் அதில் இருக்காது. அவற்றில் பார்க்க முடிந்ததையெல்லாம் பார்த்துவிட்டு, மிச்சமிருக்கும் கேள்விகளைத் தாளில் வரிசையாக எழுதுங்கள். மூன்று சிறுவர்களுக்கு மூன்று ஆண்டுகள் என்றாலே ஒன்பது தேடல், கூடவே சென்னைத் திருமணப் பதிவு. இந்தப் பட்டியல் தயாரான பிறகு ஒரு மாதச் சந்தா கட்டினால் பெரும்பாலும் அதற்குள் முடித்துவிடலாம். தானாகப் புதுப்பிக்கும் வசதியை அன்றைக்கே அணைத்துவிடுங்கள்.

நம் நாட்டு சென்சஸில் ஆள் பெயரைப் போட்டுத் தேட வழியில்லை. 1948-ம் ஆண்டு சென்சஸ் சட்டத்தின் 15-வது பிரிவு தனிநபர் விவரங்களை யாரும் பார்வையிட முடியாதபடி மூடிவைத்திருக்கிறது. நமக்குக் கிடைப்பவை மொத்த எண்ணிக்கைகளும் அறிக்கைகளும்தான். உங்கள் தாத்தாவின் இந்திய வாழ்க்கைக்குத் தேவாலயப் பதிவேடுகளே கை கொடுக்கும்.

இவ்வளவு செய்தும் இருவர் மிஞ்சினால் இங்கிலாந்தின் பொதுப் பதிவு அலுவலகத் தளத்துக்குப் போங்கள். அதன் பிறப்பு அட்டவணை 1837-லிருந்து தாயின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரையும் சேர்த்தே காட்டும், தேடுவதற்குக் கட்டணம் இல்லை. பதிவு செய்ய 42 நாள் அவகாசம் இருந்ததால், டிசம்பரில் பிறந்த குழந்தை அடுத்த ஆண்டின் மார்ச் காலாண்டில் (ஜனவரி முதல் மார்ச் வரை) வரலாம், அதையும் பாருங்கள். இரு சிறுவர்களின் அம்மாக்களுடைய பிறந்த வீட்டுப் பெயர்களை எழுதிக்கொண்டு, உங்கள் தாத்தா இங்கே தன் பிள்ளைகளுக்குச் சூட்டிய பெயர்களை ஞானஸ்நானப் பதிவில் பாருங்கள். பாட்டி வீட்டுக் குடும்பப் பெயரைப் பேரப்பிள்ளைக்கு நடுப்பெயராக வைப்பது அவர்களுக்குப் பிடித்த வழக்கம். பிள்ளைகளில் ஒருவருக்கு நடுவில் ஒரு குடும்பப் பெயர் செருகியிருந்து, அது அந்த இரண்டு அம்மாக்களில் ஒருத்தியுடையதாகவும் இருந்தால், அந்தச் சிறுவனை மரத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.