கறவையும் அடுப்பும்: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் மாடு வைத்திருக்கும் வீட்டுச் சமையலைப் பற்றி எழுதியதற்குக் கேள்விகள் குவிந்துவிட்டன. எல்லாவற்றுக்கும் இங்கே இடமில்லை, எடுத்தவரைக்கும் பதில் சொல்கிறேன். புதிதாகப் படிப்பவர்களுக்கு: நாங்கள் காங்கேயம் பக்கம். மூன்று ஜெர்சி கலப்பு, ஓர் எருமை, விற்க மனசு வராமல் வைத்திருக்கும் ஒரு காங்கேயம் பசு, இவ்வளவுதான் எங்கள் பண்ணை.

கேள்வி: அக்கா, எங்கள் வீட்டிலும் மூன்று மாடு இருக்கிறது. ஒரு வாரமாகத் தயிர் உறையவே மாட்டேன் என்கிறது. உறைமோரை மாற்றிப் பார்த்தேன், அடுப்போரம் வைத்துப் பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை. மார்கழிக் குளிர்தான் காரணம் என்கிறார் மாமியார். பக்கத்து வீட்டில் திருஷ்டி என்கிறார்கள்.
(தாராபுரம் வாசகி)

உங்கள் மாமியார் சொல்வதில் பாதி சரி. குளிரில் தயிர் தாமதமாகும், அதற்குப் பாலைக் கொஞ்சம் சூடு கூடுதலாக வைத்து உறைமோரை ஒரு கரண்டி சேர்த்து ஊற்றினால் போதும். ஆனால் ராத்திரி ஊற்றியது மறுநாள் மத்தியானம் வரைக்கும் பாலாகவே நிற்கிறது என்றால் அது குளிரின் வேலை கிடையாது. முதலில் ஒன்று சொல்லுங்கள், அண்மையில் எந்த மாட்டுக்காவது மடிநோய்க்கோ காய்ச்சலுக்கோ ஊசி போட்டீர்களா? காம்புக்குள் மருந்து ஏற்றினீர்களா?

ஆன்டிபயாடிக் மருந்து பாலில் இறங்கும். தயிரை உறைய வைப்பதும் ஒரு வகைக் கிருமிதான், நல்ல கிருமி, மாட்டின் மடியில் இருக்கிற கெட்டதைக் கொல்லப் போட்ட மருந்து இதையும் சேர்த்துக் கொன்றுவிடுகிறது. மூன்று மாட்டுப் பாலையும் ஒரே பாத்திரத்தில் கலந்து காய்ச்சுவீர்கள் என்று நினைக்கிறேன், எல்லா வீட்டிலும் அப்படித்தான். நாளைக்கு ஒவ்வொரு மாட்டுப் பாலையும் தனித்தனி டம்ளரில் காய்ச்சி ஆற்றி, ஒரே உறைமோரை ஒரே அளவு விட்டு வையுங்கள். எது உறையவில்லையோ அந்த மாட்டைப் பாருங்கள்.

அப்புறம் ஒன்று, மருந்து போட்ட மாட்டுப் பாலை எத்தனை நாள் ஒதுக்க வேண்டும் என்பது மருந்துக்கு மருந்து மாறும், ஊசி போட்ட மருத்துவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். அதுவரைக்கும் பால் சொசைட்டிக்கும் ஊற்றக் கூடாது, பிள்ளைகளுக்கும் கூடாது, கன்றுக்கும் கூடாது. பாலைக் கீழே ஊற்ற யாருக்கும் மனசு வராது, எனக்கும் வராது, ஆனாலும் கொட்டத்தான் வேண்டும்.

கேள்வி: பால் வாயில் வைத்தால் லேசாக உப்புக் கரிக்கிறது. காய்ச்சினால் சில நாள் திரிகிறது. பாத்திரத்தைப் புளி போட்டுக்கூட விளக்கிவிட்டேன்.
(பல்லடம் வாசகி)

பாத்திரத்தை விடுங்கள், மடியைப் பாருங்கள். மடிநோய் வெளியே தெரிவதற்கு முன்பே, வீக்கமும் சூடும் வருவதற்கு முன்பே, பாலில் உப்பு ஏறிவிடும். கறக்க உட்கார்ந்ததும் ஒவ்வொரு காம்பிலிருந்தும் முதல் இரண்டு பீச்சை ஒரு கறுப்புத் துணியில் விடுங்கள். திரிதிரியாகவோ தண்ணியாகவோ விழுந்தால் அந்தக் காம்புதான். எங்கள் ஊரில் பலரும் கையோடு செய்வது, சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம், மூன்றையும் சேர்த்து அரைத்து, பாலை முழுக்கக் கறந்து மடியைக் கழுவிவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் கரைத்து ஒரு நாளைக்குப் பத்து முறை வரைக்கும் தடவுவது, ஐந்து நாள். பாட்டி வைத்தியம் என்று ஒதுக்காதீர்கள், தேசியப் பால்வள மேம்பாட்டு வாரியமே இந்தக் கூட்டைச் சொல்லிக்கொடுக்கிறது. ஆனால் மாடு தீனி எடுக்கவில்லை, காய்ச்சல் அடிக்கிறது, பாலில் ரத்தம் என்றால் அரைத்துக்கொண்டு உட்காராமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

சினை ஏழு மாதம் ஆகி, பால் வற்றப்போகிற மாடாக இருந்தாலும் கொஞ்சம் உப்புக் கரிக்கும். அது நோயில்லை, கறவையை நிறுத்தும் நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம். ஈனுவதற்கு இரண்டு மாதம் இருக்கையில் நிறுத்திவிட வேண்டும், மாடும் ஓய்வெடுக்கணும் இல்லையா.

நேரத்துக்குக் காய்ச்சாமல் விட்டுப் புளித்துத் திரிந்த பால் வேறு கதை. வடிகட்டி நாட்டுச் சர்க்கரை போட்டுக் கிளறினால் சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளுக்கு ஆயிற்று. மடிநோய்ப் பாலில் மட்டும் இந்தச் சிக்கனம் வேண்டாம்.

கேள்வி: பாலில் ஏதோ பச்சை வாடை அடிக்கிறது என்று வாடிக்கைக்காரர்கள் திருப்பி அனுப்புகிறார்கள்.
(அவிநாசி வாசகர்)

கறப்பதற்கு முன்னால் மாடு என்ன தின்றது அண்ணா? வெங்காயத்தாள், முட்டைக்கோஸ் இலை, சில களைச்செடி, புளிக்க வைத்த தீவனம், எது தின்றாலும் ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் வாடை பாலுக்கு வந்துவிடும். வாடையடிக்கும் தீனியைக் கறந்த பிறகு போடுங்கள். கட்டுத்தரையில் கறந்த பாலைத் திறந்தே வைத்திருந்தாலும் சாணி வாடை ஏறும், உடனே வெளியே எடுத்துப் போய் வடிகட்டுங்கள்.

கேள்வி: விடிகாலையும் சாயங்காலமும் கறவை, நடுவில் தீவனம் அறுப்பது, இதில் எப்போது சமைக்கிறீர்கள்? எனக்கு இந்த வீட்டுக்குக் கல்யாணமாகி வந்து ஆறு மாதம்தான் ஆகிறது, அழுகையே வருகிறது.
(பெயர் வேண்டாம் என்ற வாசகி)

அழாதே கண்ணு. முதல் வருசம் எல்லோருக்கும் இப்படித்தான் இருக்கும். ஒன்றைப் புரிந்துகொள், நம் வீட்டில் கடிகாரம் அடுப்படியில் இல்லை, கட்டுத்தரையில் இருக்கிறது. காலையில் எழுந்ததும் சமையலைத் தொடாதே. சாணி அள்ளி, மடி கழுவி, கறந்து, சொசைட்டிக்குக் கேன் போன பிறகுதான் அடுப்பு. அதனால் காலை ஆகாரம் ராத்திரியே தயாராக இருக்க வேண்டும். பழைய சோறும் தயிரும், இல்லையென்றால் முந்தின நாள் ஆக்கிய கம்பஞ்சோற்றை மோரில் கரைத்து, சின்ன வெங்காயம், மோர்மிளகாய். மோர்மிளகாய் சித்திரை வெயிலில் ஒரு தடவை போட்டுவிட்டால் வருசம் ஓடும்.

மத்தியானத்துக்கு ஒரே பாத்திரத்தில் முடிகிற சமையல் பழகு. அரிசிம்பருப்பு சாதத்தை நம் பக்கத்துக்காரர்கள் கண்டுபிடித்ததே மாட்டுக்காரிக்காகத்தான் என்று எனக்குத் தோன்றும். இரண்டு பங்கு அரிசி, அரைப் பங்கு துவரம்பருப்பு, இரண்டையும் ஊறப்போட்டுவிட்டு ஒரு கட்டுச் சோளத்தட்டு நறுக்கிவிட்டு வரலாம். வந்து கடுகு, சீரகம், வரமிளகாய், நிறையச் சின்ன வெங்காயம், தட்டிய பூண்டு, ஒரு தக்காளி, மஞ்சள்தூள், வதக்கித் தண்ணீர் கொதித்ததும் அரிசி பருப்பைப் போட்டு மூடிவிடு. கொஞ்சம் குழைவாக இருக்கட்டும். மேலே நெய், பக்கத்தில் கட்டித்தயிர். ராத்திரிக்கும் அதுவே வரும்.

இன்னொன்று, இதை யாரும் சொல்லித் தர மாட்டார்கள். கறந்த பாலில் வீட்டுக்கு வேண்டியதை முதலில் எடுத்து வைத்துவிட்டு மீதியைக் கேனில் ஊற்று. பால் பணம் குறையுமே என்று எல்லாப் பாலையும் ஊற்றிவிட்டு, மிச்சத்தில் தண்ணி கலந்து வரக்காப்பி மாதிரி ஒன்றைக் குடிக்கிற வீடுகள் நம் ஊரிலேயே எத்தனை! அதில் கடைசி டம்ளர் எப்போதும் மருமகளுக்குத்தான். மாமியாரிடம் கேட்கச் சங்கடமாக இருந்தால் வீட்டுக்காரரை விட்டுச் சொல்லச் சொல்.

கேள்வி: கன்றுக்கு விட்டதுபோக நல்ல கெட்டிப் பாலைத்தான் ஊற்றுகிறோம். சொசைட்டியில் ஃபேட் இல்லை என்கிறார்கள். ஏமாற்றுகிறார்களா?
(வெள்ளகோவில் வாசகர்)

ஏமாற்றுகிற இடமும் இருக்கலாம், அதை நான் எப்படிச் சொல்ல முடியும். ஆனால் ‘கன்றுக்கு விட்டதுபோக’ என்கிறீர்களே, எந்தப் பாலை விடுகிறீர்கள்? முதலில் வரும் பால் தண்ணி, கடைசியில் ஒட்டக் கறக்கும் பாலில்தான் கொழுப்பு. கடைசிப் பாலைக் கன்றுக்கு விட்டால் ஃபேட்டும் அதோடு போய்விடும். முதல் பாலில் கன்றின் பங்கை ஊட்டிவிட்டு, அதைப் பிரித்துக் கட்டிக் கடைசிவரைக்கும் நீங்கள் கறந்து பாருங்கள். மாடு சுரப்பு விட்டு ஐந்து முதல் ஏழு நிமிடத்துக்குள் கறந்து முடிக்க வேண்டும், நடுவில் போன் பேசினால் மீதியை மடியிலேயே அடக்கிக்கொள்ளும்.

காலை நேரப் பால் அளவில் கூடவும் கொழுப்பில் குறையவும் இருக்கும், சாயங்காலம் நேர்மாறு. ராத்திரி இடைவெளி நீளம், அதுதான் காரணம். தவிடும் மாட்டுத் தீவனமும் அள்ளிப் போட்டு உலர் தட்டைக் குறைத்தாலும் ஃபேட் இறங்கும். சோளத்தட்டோ வைக்கோலோ வயிற்றில் இருந்தால்தான் அசை போடும், அசை போட்டால்தான் கொழுப்பு. சாம்பிள் எடுக்கும் முன் கேனைக் கலக்கச் சொல்லவும் கூச்சப்படாதீர்கள், ஆடை மேலே நிற்கும்.

கேள்வி: கறந்த சூட்டோடு பச்சைப்பால் குடித்தால் உடம்புக்கு நல்லது என்கிறார்களே?
(கோவை வாசகர்)

வேண்டாம். மாட்டுக்குச் சினை கலையச் செய்யும் கன்று வீச்சு நோய், காசநோய் இரண்டும் பச்சைப்பால் வழியாக மனிதருக்கு வரும். காய்ச்சிக் குடியுங்கள்.

கேள்வி: சீம்பால் எடுப்பது கன்றின் பங்கைத் திருடுவதுதானே? வீட்டில் சண்டை.
(ஈரோடு வாசகி)

கன்று குடிக்கும் முன் எடுத்தால் திருட்டுத்தான். பிறந்த கன்றுக்கு நோய் எதிர்ப்புச் சக்தி சீம்பாலில்தான் இருக்கிறது, அதுவும் முதல் சில மணி நேரத்தில் குடிப்பதுதான் உடம்பில் சேரும், ஒரு நாள் கடந்தால் குடலில் அதை உறிஞ்சும் வழி அடைத்துக்கொள்ளும். நஞ்சுக்கொடி விழட்டும் என்று காத்திருப்பது பழைய வழக்கம், அதற்குக் காரணமே இல்லை. கன்று எழுந்து நின்றதும் ஊட்டுங்கள். 25 கிலோ கன்றென்றால் முதல் நாளில் இரண்டரை லிட்டர் போக வேண்டும். கலப்பின மாடு அதைவிட நிறையச் சுரக்கும், மீதி நமக்கு.

முதல் நாள் சீம்பால் ஒரு டம்ளருக்குச் சாதாப் பால் ஒரு டம்ளர், நாட்டுச் சர்க்கரை, ஏலக்காய், கொஞ்சம் சுக்கு. கிண்ணத்தில் ஊற்றி இட்லிப் பானையில் ஆவிக்கு வைத்தால் தானாகக் கட்டியாகிவிடும். பால் கலக்காமல் வைத்தால் ரப்பர்தான். மூன்றாம் நாள் பாலில் செய்கிறேன் என்றால் தண்ணி விட்டுக்கொண்டு கட்டியும் கட்டாது, பேசாமல் கன்றுக்கே விடுங்கள்.

கேள்வி: கிராமத்து நெய் ஏன் இந்த விலை சொல்கிறீர்கள்? உங்களுக்குப் பால் சும்மாதானே கிடைக்கிறது!
(சென்னை வாசகி)

சும்மா! இருங்கள், கணக்கைப் பார்ப்போம். 4 சதவீதம் கொழுப்புள்ள பசும்பாலில் ஒரு கிலோ நெய் எடுக்க 25 லிட்டருக்கு மேல் வேண்டும், கையால் கடைவதில் மோரோடு கொஞ்சம் போகத்தான் செய்யும். 2022 நவம்பரில் ஆவின் பசும்பால் கொள்முதல் விலையை 35 ரூபாய் ஆக்கியது, அந்த விலைக்கே வைத்தாலும் பால் மட்டும் 875 ரூபாய். மோர் எங்களுக்கு மிச்சம், ஒத்துக்கொள்கிறேன். விறகும் கைவலியும் அதற்குச் சரியாகப் போய்விடும்.

நெய் மணல்மணலாக வர, வாசம் வந்து கசடு பொன்னிறமானதும் ஒரு பிடி முருங்கை இலையைப் போட்டு இறக்கி, மெதுவாக ஆறவிடுங்கள். பிரிட்ஜில் வைத்து அவசரப்படுத்தினால் மணல் வராது. அடியில் தங்கிய கசடும் மொறுமொறுத்த முருங்கை இலையும் சுடுசோற்றில் உப்புப் போட்டுப் பிசைவதற்கு, அதற்கு எங்கள் வீட்டில் எப்போதும் அடிதடி.

கேள்வி: போன பட்டிப் பொங்கலுக்கு வயிறார வெண்பொங்கல் ஊட்டிய எங்கள் பசு மறுநாளே படுத்துவிட்டது. ஆசையாகக் கொடுத்தது தப்பா?
(உடுமலை வாசகி)

ஆசையில் தப்பில்லை, அளவுதான் அதிகம். அரிசிச்சோறு நிறையப் போனால் மாட்டின் முதல் வயிற்றில் வேகமாகப் புளித்து அமிலமாகும், அசை நின்றுவிடும், வயிறு உப்பும், உயிரும் போகலாம். பொங்கல் முடிந்த மறுநாள் கால்நடை மருத்துவர்களுக்கு ஓய்வே இருக்காது. ஒரு கைப்பிடி ஊட்டி, மீதிக்குக் கரும்புத் தோகையும் பச்சைத் தீவனமும் கொடுங்கள். படுத்துவிட்டால் வாயில் எதையும் நீங்களாக ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குப் போய்விடும். கல்யாண வீட்டுச் சோறு மீந்தது என்று தொட்டியில் கொட்டுவதும் இதே ஆபத்துத்தான்.

கேள்வி: பெங்களூரில் ஐ.டி. வேலை. விட்டுவிட்டு ஊரில் பத்து மாடு வாங்கலாம் என்றிருக்கிறேன். வீட்டம்மாவும் சம்மதித்துவிட்டார்.
(ஓசூர் வாசகர்)

தம்பி, தீவனத்துக்கு நிலமும் தண்ணியும் இருக்கிறதா என்று எழுதவே இல்லையே. பச்சைத் தீவனத்தை விலைக்கு வாங்கி மாடு வளர்த்தால் பால் பணம் தீவனக்காரருக்குத்தான். முதலில் கோ-4 என்கிற கம்பு நேப்பியர் ஒட்டுத் தீவனப் புல்லை நட்டு அறுப்புக்கு வரவிடுங்கள், அப்புறம் இரண்டு மாடு. பத்து மாடு என்றால் பத்தும் கறக்காது, இரண்டு மூன்று எப்போதும் வற்றித்தான் நிற்கும், அவற்றுக்கும் தீனி உண்டு. இருவரும் சேர்ந்து ஒரு கல்யாணத்துக்குப் போய்ச் சாயங்காலம்வரை இருக்க முடியாது, ஒருவர் முதல் பந்தியிலேயே சாப்பிட்டுவிட்டு ஓடி வர வேண்டும். வீட்டம்மா சம்மதித்தார் என்கிறீர்கள். எதற்குச் சம்மதித்தார், மாட்டுக்கா, நாலு மணிக்கு எழுவதற்கா? கறவை தெரிந்த ஒரு வீட்டில் இருவரும் ஒரு மாதம் இருந்து, நீங்கள் சாணி அள்ளி, கறந்து, திரும்பி வந்து அவருக்கு ஒரு நாள் சமைத்தும் போட்டுவிட்டு, அப்புறம் ராஜினாமாக் கடிதத்தை எழுதுங்கள்.