காரைக்குடி ஆச்சி பதில்கள்

கேள்வி: பங்குனியில் ஒரு சனி, ஞாயிறு காரைக்குடியில் மாமனார் வீட்டில் இருப்போம். பிள்ளைகளுக்கு எட்டு வயசும் பதினொரு வயசும். மாலும் கிடையாது, கடற்கரையும் கிடையாது. எப்படிப் பொழுதைப் போக்குவது?
- வாசகர், சென்னை

பதில்: மாப்பிள்ளை, சனிக்கிழமை காலைப் பலகாரம் முடிந்ததும் ஆத்தங்குடிக்குக் கிளம்பிவிடுங்கள். பெரிய வீட்டைச் சுற்றிப் பார்த்துப் படமெடுத்துக்கொண்டு திரும்புகிறவர்கள்தான் அதிகம். பிள்ளைகளுக்கு அது அலுத்துப்போகும். தரைக்கல் பட்டறைக்குக் கூட்டிப் போங்கள். கண்ணாடியின் மேல் இரும்புச் சட்டம், அதற்குள் பூ அச்சு. அச்சின் ஒவ்வொரு கட்டத்திலும் கலர் சிமெண்டைக் கரண்டியால் ஊற்றிவிட்டு அச்சை மேலே தூக்குவார்கள் பாருங்கள், ஒரு கலரோடு ஒன்று கலக்காமல் பூ அப்படியே நிற்கும்! மேலே காய்ந்த சிமெண்டும் மணலும் தூவி, ஈரக் கலவை போட்டு மட்டம் தட்டி, தண்ணீர்த் தொட்டியில் நாள்கணக்கில் ஊறப் போடுவார்கள். சூளை கிடையாது. அந்த மினுமினுப்பு கண்ணாடி கொடுத்தது. சின்னவன் கேள்வியாய்க் கேட்டுத் துளைப்பான், வேலை செய்கிறவர்கள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள்.

வெயில் ஏறுமுன் வீட்டுக்கு வந்துவிடுங்கள். மத்தியானத்துக்குத் தாயம். பித்தளைத் தாயக்கட்டை உங்கள் மாமியார் பெட்டகத்தில் கட்டாயம் இருக்கும். தாயம் விழாமல் காய் இறங்காது. ஐந்து, ஆறு, பன்னிரண்டு விழுந்தால் மறுபடி உருட்டலாம். மூத்தவன் கள்ள ஆட்டம் ஆடுவான், கண்டுகொள்ளாதீர்கள். உங்கள் மாமனார் ஆடாத கள்ள ஆட்டமா?

சாயங்காலம் முனீஸ்வரன் கோயில் தெரு. பழைய எனாமல் தூக்கு, பர்மாத் தேக்குக் கதவு, ரவிவர்மா படம் என்று கடை கடையாகப் பார்க்கலாம். விலை கேட்கக் காசு கேட்க மாட்டார்கள்.

உங்கள் தேதி மகம், பூரம், உத்திரத்தில் அமைந்தால் யோகம்தான்: கம்பன் விழா. சா. கணேசன் 1939இல் தொடங்கிய கம்பன் கழகம் நடத்துவது. அடுத்த நாள் அத்தத்தன்று கம்பர் சமாதி இருக்கிற நாட்டரசன்கோட்டையில் நடக்கும். பட்டிமண்டபத்துக்குப் பிள்ளைகள் சிரிப்பார்கள். மற்றதற்குத் தூங்கினால் தூங்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமைக்குத் திட்டம் எதுவும் போடாதீர்கள்.

கேள்வி: என் வெள்ளைப் பணியாரம் வெள்ளையாகவே வருவதில்லை, சிவந்துபோகிறது. ஏன் ஆச்சி?
- வாசகி, தேவகோட்டை

பதில்: தேவகோட்டையில் இருந்துகொண்டு என்னைக் கேட்கிறாயே ஆத்தா! சீனியைக் கூடப் போட்டிருப்பாய், இல்லை எண்ணெய் ரொம்பக் காய்ந்திருக்கும். ஒரு டம்ளர் பச்சரிசியைத் தலை தட்டி அளந்து, அதன் மேலேயே உளுத்தம்பருப்பைக் கோபுரமாய்க் குவித்து எடு. அளவு அவ்வளவுதான். இரண்டு மணி நேரம் ஊறினால் போதும். வெண்ணெய் போல ஆட்டி, உப்பும் ஒரு சிட்டிகை சீனியும் கொஞ்சம் பாலும் விட்டுக் கரைத்துக்கொள். புளிக்க விடாதே, உடனே சுடு. ஒவ்வொன்றாய்த்தான் ஊற்ற வேண்டும், அவசரக்காரர்களுக்கு இது சரிப்படாது. தொட்டுக்கொள்ள வரமிளகாய்த் துவையல். தேங்காய்ச் சட்னி வைக்கிறவர்களோடு எனக்குப் பேச்சில்லை.

கேள்வி: வாசல் வேப்பமரம் பூத்துக் கொட்டுகிறது. பூவை என்ன செய்யலாம்?
- வாசகர், கோட்டையூர்

பதில்: ராத்திரி படுக்கப் போகுமுன் மரத்தடியில் பழைய வேட்டியை விரித்து வையுங்கள். விடியற்காலம் பேரப்பிள்ளைகளை எழுப்பி அள்ளச் சொல்லுங்கள். காம்பு, தூசி நீக்கி வெயிலில் சருகாய்க் காயவைத்து டப்பாவில் அடைத்தால் வருஷம் முழுக்க ரசத்துக்கு ஆகும். நெய்யில் வறுத்து, ரசத்தை இறக்கிய பிறகே போடுங்கள். சேர்த்துக் கொதிக்கவிட்டால் கசப்பு முழுக்க இறங்கிவிடும். அப்புறம் பேரப்பிள்ளைகள் கிட்டவே வர மாட்டார்கள்.