எம்.எஸ். நோயாளியைப் பார்த்துக்கொள்பவர்கள் கேட்டவை

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், சுருக்கமாக எம்.எஸ்.: உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூளை, தண்டுவட நரம்புகளின் உறையைச் சேதப்படுத்தும் நோய். பதில் சொல்பவர் பாளையங்கோட்டை பிசியோதெரபிஸ்ட் ஒருவர்.

முக்கூடல்: அண்ணாச்சி, வீட்டுக்காரர் காலையில் நன்றாக நடக்கிறார், மதியம் எழுந்திருக்கவே மாட்டேன் என்கிறார். 'சோம்பேறி ஆயிட்டான்' என்கிறார் மாமியார். பீடி சுற்றிக்கொண்டே எல்லாம் பார்க்கிற எனக்கும் சில நேரம் அப்படித் தோன்றுகிறது.

பதில்: சோம்பல் இல்லைம்மா. அடித்துப்போட்ட மாதிரி களைப்பு இந்த நோயிலேயே உண்டு. உறை போன நரம்பில், உடம்புச் சூடு அரை டிகிரி ஏறினாலே தகவல் தடுமாறும். நம்மூர் சித்திரை வெயிலைச் சொல்லவே வேண்டாம். குளியல், வெளிவேலை எல்லாம் காலையிலேயே முடியட்டும். வெந்நீர் வேண்டாம். மதியம் ஈரத்துண்டும் ஃபேனும். சூடு தணிந்ததும் பழையபடி ஆகிவிட்டால் பயமில்லை. புதிதாகக் கை கால் தளர்ச்சியோ பார்வை மங்கலோ ஒரு நாளுக்கு மேல் நீடித்தால் நரம்பு டாக்டரிடம் போய்விடுங்கள். சிறுநீர்த் தொற்று, காய்ச்சல் வந்தாலும் இப்படித்தான் காட்டும், அதையும் பார்க்கச் சொல்லுங்கள். மாமியாரிடம் நீங்கள் விளக்கினால் எடுபடாது. அடுத்த முறை டாக்டரிடம் அவரையும் கூட்டிப்போங்கள்.

அம்பாசமுத்திரம்: மனைவியைத் தூக்கித் தூக்கி என் முதுகு போய்விட்டது.

பதில்: தூக்கவே கூடாது. கட்டிலும் நாற்காலியும் ஒரே உயரத்தில், ஒட்டினாற்போல இருக்கட்டும். நாற்காலி அவருடைய பலமான கால் பக்கம் இருக்கட்டும். அவர் பாதத்தை ஊன்றி முன்னால் சாயட்டும். நீங்கள் முழங்காலை மடக்கி, அவர் இடுப்புப் பட்டையைப் பிடித்துத் திருப்புங்கள். கையைப் பிடித்து இழுத்தால் அவருக்குத் தோள் போகும்.

கடையம்: பிள்ளைகளுக்கு ஒட்டுமா?

பதில்: ஒட்டாது. தட்டைத் தனியாக வைத்திருந்தால் இன்றே சேர்த்துவிடுங்கள்.

களக்காடு: அம்மாவுக்காக வேலையை விட்டேன். ராத்திரி நாலைந்து தடவை பாத்ரூம். அண்ணன் பணம் மட்டும் அனுப்புகிறான். அம்மாவிடம் கத்திவிடுகிறேன்.

பதில்: தூக்கமில்லாதவர் கத்தத்தான் செய்வார். சிறுநீர் அவசரத்துக்கு மருந்து உண்டு, டாக்டரிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள். பகலில் தண்ணீரைக் குறைக்காதீர்கள், தொற்று வரும். சாயங்காலத்துக்கு மேல் குறைத்தால் போதும். அண்ணனிடம் பொதுவாக 'உதவி செய்' என்றால் நடக்காது. தேதி குறித்து, 'இந்த சனி ஞாயிறு நீ வா' என்று கேளுங்கள். வரமாட்டாரா, சரி, ராத்திரிக்கு ஆள் வைக்கும் செலவு அவருடையது. அழுகையும் பசியின்மையும் இரண்டு வாரம் நீடித்தால் டாக்டரைப் பார்க்க வேண்டியது நீங்கள்.

மேலப்பாளையம்: அரசு உதவி உண்டா?

பதில்: 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் சொன்ன 21 குறைபாடுகளில் எம்.எஸ். இருக்கிறது. முதலில் மருத்துவச் சான்று, அப்புறம் யு.டி.ஐ.டி. எனும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை. மாதப் பராமரிப்புத் தொகைக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மனு கொடுங்கள். எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டின் நகலை மட்டும் கொடுங்கள், அசல் வீட்டிலேயே இருக்கட்டும்.