வரலாற்றை மாற்றி எடுத்த படம் என்று தெரிந்தும் நீங்கள் விரும்பிப் பார்க்கும் அனிமேஷன் படம் எது?

அனஸ்தேசியா. 1997-ல் வந்த படம். வரலாற்றைக் கொஞ்சமல்ல, நிறையவே மாற்றியிருக்கிறார்கள். இருந்தாலும் வருடத்துக்கு ஒரு தடவையாவது பார்த்துவிடுகிறேன். ஏன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். யோசித்ததை இங்கே எழுதுகிறேன்.

இது டிஸ்னி படம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். இல்லை. 1979-ல் டிஸ்னியை விட்டு வெளியே வந்த டான் புளூத், கேரி கோல்ட்மன் என்ற இருவர் சேர்ந்து இயக்கியது. அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் ஃபாக்ஸ் நிறுவனம் தொடங்கிய அனிமேஷன் ஸ்டுடியோவிலிருந்து வந்த முதல் படம். 2019-ல் ஃபாக்ஸையே டிஸ்னி வாங்கிவிட்டதால் இப்போது அவர்கள் வீட்டுப் பிள்ளையாகிவிட்டது, அது வேறு.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. ரஷ்யாவின் ஜார் மன்னர் இரண்டாம் நிக்கோலஸின் கடைசிப் பெண் அனஸ்தேசியா. பாரிஸுக்குக் கிளம்பும் பாட்டி அவளுக்கு ஒரு இசைப்பெட்டியும், அதைத் திறக்கும் சாவியைக் கோத்த ஒரு சங்கிலியும் கொடுக்கிறார். சாவியில் 'பாரிஸில் சேர்ந்திருப்போம்' என்று பொறித்திருக்கும். புரட்சி வெடிக்கிறது. அரண்மனையில் வேலை செய்யும் ஒரு சிறுவன் சுவரில் இருந்த ரகசியக் கதவைத் திறந்து பாட்டியையும் பேத்தியையும் தப்ப வைக்கிறான். ரயில் நிலையத்தில் ஓடும் ரயிலில் பாட்டி ஏறிவிடுகிறார், பேத்தியின் கை நழுவிவிடுகிறது. தலையில் அடிபட்டு அவளுக்கு எல்லாம் மறந்துபோகிறது. பத்து வருடம் கழித்து ஆன்யா என்ற பெயரில் அனாதை இல்லத்திலிருந்து வெளியே வருகிறாள். காணாமல் போன இளவரசியைக் கண்டுபிடித்துக் கொடுத்தால் ஒரு கோடி ரூபிள் என்று பாட்டி அறிவித்திருக்க, அந்தப் பணத்துக்காகப் போலி இளவரசி ஒருத்தியைத் தேடும் டிமிட்ரி, விளாடிமிர் என்ற இருவரிடம் அவள் வந்து சேர்கிறாள். அவர்களுக்கு அவள்தான் நிஜ இளவரசி என்று தெரியாது. அவளுக்கும் தெரியாது.

நான் முதலில் பார்த்தது பத்தாம் வகுப்பு முழுப்பரீட்சை லீவில், அத்தை வீட்டில். அத்தை மகள் கடையிலிருந்து வாடகைக்கு எடுத்து வந்த சிடி. சப்டைட்டில் கிடையாது. வசனம் பாதிக்கு மேல் புரியவில்லை. ஆனாலும் ரயிலில் கை நழுவிய இடத்தில் இரண்டு பேரும் பேச்சை நிறுத்திவிட்டோம். பார்க்க முடியாத காட்சி அது. பெரியவளான பிறகும் அந்த இடம் வந்தால் ஓட்டிவிடுவேன். பிற்பாடு வசனமெல்லாம் புரிந்து பார்த்தபோதுதான் ஒன்று விளங்கியது. நாங்கள் அன்றைக்கு எதையும் தவறவிடவில்லை. இந்தப் படம் முக்கியமான விஷயத்தை வசனத்தில் சொல்வதே இல்லை, ஒரு மெட்டில் சொல்கிறது.

அந்த மெட்டு 'ஒன்ஸ் அப்பான் எ டிசம்பர்'. ஸ்டீஃபன் ஃபிளாஹர்ட்டி இசை, லின் ஆரன்ஸ் வரிகள். தக்கிட, தக்கிட என்று மூன்று மூன்றாகத் தட்டிக்கொண்டே போகலாம், அப்படியொரு வால்ட்ஸ் நடன மெட்டு. படத்தில் மூன்று இடத்தில் வருகிறது. முதலில் பாட்டியும் பேத்தியும் இசைப்பெட்டியோடு சேர்ந்து பாடும் தாலாட்டு. இரண்டாவது, பாழடைந்த அரண்மனையில் ஆன்யா தனியாக நின்று பாடும் முழுப்பாட்டு. மூன்றாவது கடைசியில். அதைப் பிறகு சொல்கிறேன்.

அரண்மனைக் காட்சியைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். ஜன்னலுக்குப் பலகை அடித்து மூடிய, தூசி படிந்த பெரிய கூடம். பழைய கோட்டும் பூட்ஸுமாக ஆன்யா நடந்து வருகிறாள். ஏதோ கனவில் பார்த்த இடம் போல இருக்கிறது அவளுக்கு. மெல்லப் பாட ஆரம்பிக்கிறாள். மங்கலான உருவங்கள் ஜோடி ஜோடியாக இறங்கி வந்து அவளைச் சுற்றி ஆடுகின்றன. இருட்டுக் கூடத்தில் பொன் வெளிச்சம் பரவுகிறது. கந்தல் உடுப்பு இளவரசியின் கவுனாக மாறுகிறது. கடைசியில் கூட்டம் விலகி வழிவிட, அப்பா வருகிறார். அவளோடு ஆடுகிறார், நெற்றியில் முத்தமிடுகிறார். யாரென்றே அவளுக்குத் தெரியாது. நமக்குத் தெரியும். 'ஏய், இங்கே என்ன பண்றே?' என்று டிமிட்ரி கத்தியதும் எல்லாம் ஒரு நொடியில் கலைந்துபோய், மறுபடி அந்த இருட்டும் கோட்டும். படம் முழுவதையும் அகலத்திரைக்காக வரைந்திருக்கிறார்கள். அந்தக் கூடத்தில் அவள் எவ்வளவு சின்னவளாகத் தெரிகிறாள் என்பது அந்த அகலத்தால்தான். பெரிய டிவியில் பாருங்கள், போனில் வேண்டாம்.

பேசும்போது ஆன்யாவுக்குக் குரல் மெக் ரயன், பாடும்போது லிஸ் கேலவே. இரண்டு பேர் என்பதே எனக்கு வெகுநாள் தெரியாது, ஒட்டுப்போட்ட இடம் காதில் விழாது. ஆஸ்கருக்கு இரண்டு பிரிவில் போனது. பாட்டுப் பிரிவில் 'ஜர்னி டு த பாஸ்ட்' நின்றது, ஆனால் அந்த வருடம் டைட்டானிக். என் ஓட்டு எப்போதும் தாலாட்டுக்குத்தான்.

இனி நான் முக்கியமாக நினைப்பது. பயணம் நெடுக டிமிட்ரியும் விளாடிமிரும் ஆன்யாவுக்குப் பாடம் நடத்துகிறார்கள். எப்படி நடக்க வேண்டும், எப்படி வணங்க வேண்டும், மாமன் பெயர் என்ன, சித்தப்பன் எப்படிப்பட்டவர் என்று பரீட்சைக்கு உருப்போடுவது போல. பாரிஸில் பாட்டிக்கு நெருக்கமான சோஃபி அதையெல்லாம் கேட்கிறார், ஆன்யா தடுமாறாமல் ஒப்பிக்கிறாள். கடைசிக் கேள்வி: அரண்மனை தாக்கப்பட்ட அன்று எப்படித் தப்பினாய்? இது பாடத்தில் இல்லை. ஆன்யா திணறுகிறாள். பிறகு யோசித்து யோசித்து, ஒரு பையன் இருந்தான், சுவரைத் திறந்தான் என்கிறாள். சொல்லிவிட்டு, சுவரைத் திறப்பதாவது என்று அவளே வெட்கப்படுகிறாள். பக்கத்தில் நிற்கும் டிமிட்ரியின் முகத்தைப் பாருங்கள். அந்தப் பையன் அவன்தான். அவன் யாரிடமும் அதைச் சொன்னதில்லை. மேற்கொண்டு அங்கே நிற்க முடியாமல் வெளியே போய்விடுகிறான். பணத்துக்காகக் கிளம்பியவன் பணத்தை வாங்க முடியாதவனாக மாறுவது அந்த இடத்தில். ஒரு வசனம் இல்லை.

பாட்டியிடமும் இதேதான். எத்தனையோ போலிகளைப் பார்த்துக் களைத்துப்போனவர். பெயர், தேதி, ஊர் எல்லாம் சரியாகச் சொன்ன பெண்கள் நிறைய வந்து போயிருப்பார்கள். ஆன்யாவின் அறைக்கு வந்து உட்கார்ந்தபோதும் நம்பாமல்தான் பேசுகிறார். அப்போது ஆன்யாவுக்கு ஒரு வாசனை வருகிறது. பெப்பர்மின்ட். என் கைக்குத் தடவும் எண்ணெய் என்கிறார் பாட்டி. உடனே அவளுக்கு ஞாபகம் வருகிறது: நான் ஒரு பாட்டிலைக் கொட்டிவிட்டேன், கம்பளம் நனைந்து அன்றிலிருந்து உங்கள் வாசனையே வீசும், நீங்கள் ஊருக்குப் போனபோதெல்லாம் அந்தக் கம்பளத்தில் படுத்துக்கொள்வேன்.

எங்கள் ஆச்சி கோடாலித் தைலம் தடவாமல் தூங்கியதில்லை. ஆச்சி போன பிறகு அவர் தலையணையை அம்மா ஆறு மாதம் துவைக்கப் போடவில்லை. நான் வாயைத் திறந்து கேட்டதில்லை, அம்மாவும் சொன்னதில்லை. மதியம் யாரும் இல்லாதபோது போய் அதில் முகம் வைத்துப் படுத்திருக்கிறேன். ஆன்யா அந்தக் கம்பளத்தைப் பற்றிச் சொல்லும்போது, இதை எழுதியவருக்கு ஒரு பாட்டி இருந்திருக்கிறார் என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றும்.

அப்புறம் சங்கிலி, சாவி, இசைப்பெட்டி. பாட்டி மெல்ல ஆரம்பிக்க, பேத்தி முடிக்கிறாள். பிரிந்த அண்ணன் தம்பிகளைக் குடும்பப் பாட்டு சேர்த்துவைப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம், அதனால்தான் நமக்கு இது உடனே பிடிபடுகிறது என்று நினைக்கிறேன். அந்தப் பாட்டிக்குக் குரல் கொடுத்தவர் ஆஞ்செலா லான்ஸ்பரி. அதிகம் அழாத குரல். கடைசியில் லேசாக உடையும்போது நமக்குத் தாங்காது.

சரி, வரலாறு. உண்மையில் நடந்தது கொடுமை. 1918 ஜூலை 17 பின்னிரவில், யெகாடெரின்பர்க் நகரில் இபாட்டியெவ் வீட்டின் கீழ்த்தள அறையில், மன்னர் குடும்பத்தில் ஏழு பேரையும் உடனிருந்த நால்வரையும் சுட்டுக் கொன்றார்கள். அனஸ்தேசியாவுக்கு 17 வயது. மரம் ஏறுவாள், எல்லோரையும் போல நடித்துக் காட்டுவாள், வீட்டிலேயே பெரிய வால். 13 வயதில் கண்ணாடி முன் நின்று தன்னைத்தானே எடுத்துக்கொண்ட புகைப்படம் இன்றும் இருக்கிறது. கை நடுங்கியதால் கஷ்டமாக இருந்தது என்று கடிதத்தில் எழுதியிருக்கிறாள்.

ஆள் தப்பிவிட்டாள் என்ற பேச்சு மட்டும் ஓயவில்லை. 1920-ல் பெர்லினில் கால்வாயிலிருந்து காப்பாற்றப்பட்ட ஒரு பெண், பின்னாளில் ஆன்னா ஆண்டர்சன் என்று அறியப்பட்டவர், நான்தான் அனஸ்தேசியா என்று 1984-ல் சாகும்வரை சொன்னார். 1994-ல் டிஎன்ஏ சோதனை இல்லை என்றது. மன்னர் குடும்பத்தைப் புதைத்த இடத்தில் 1991-ல் தோண்டி எடுத்த எலும்புகளில் ஒன்பது பேருடையவைதான் இருந்தன. ஒரு மகளும் மகனும் இல்லை. அந்த மகள் மரியா என்றார்கள் ரஷ்ய ஆய்வாளர்கள், அனஸ்தேசியா என்றார்கள் அமெரிக்கர்கள். படம் வந்தபோது கணக்கில் உண்மையாகவே இரண்டு பேர் குறைந்திருந்தார்கள். அவர்களுடைய எச்சங்கள் 2007-ல்தான் கிடைத்தன. எல்லோரும் இறந்தது உறுதியானது.

இதில் படத்தின் மீது எனக்கு ஒரு பெரிய குறை உண்டு. ஜார் குடும்பத்திடம் செல்வாக்கோடு இருந்த சாமியார் ரஸ்புடின்தான் படத்தின் வில்லன். புரட்சிக்குக் காரணம் அவர் இட்ட சாபமாம். ரஸ்புடினை 1916 டிசம்பரிலேயே கொன்றுவிட்டார்கள். மக்கள் தெருவுக்கு வந்தது போராலும், ரொட்டிக்கு வரிசையில் நின்று நின்று வெறுத்துப்போனதாலும். ஜார் வீழ்ந்ததைப் பாரதி கொண்டாடிப் பாடியதைப் படித்து வளர்ந்தவள் நான். பசித்த சனங்களைச் சாபத்தின் பொம்மைகளாகக் காட்டுவதை என்னால் ஏற்க முடியாது. 2017-ல் இதே பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் நியூயார்க்கின் பிராட்வே நாடக மேடைக்குக் கொண்டுபோனபோது ரஸ்புடினை எடுத்துவிட்டு ஒரு சோவியத் அதிகாரியை வைத்தார்கள். அது சரியான முடிவு. 1926-ல் நடக்கும் கதையில் ஊரை செயின்ட் பீட்டர்ஸ்பர்க் என்றே பாடுகிறார்கள், அப்போது அது லெனின்கிராட். இதெல்லாம் சின்ன விஷயம். கை கழன்று விழும் வில்லன் சின்னப் பிள்ளைகளுக்குப் பயம், அதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்த வில்லனோடு கடைசிச் சண்டை பாரிஸில் மூன்றாம் அலெக்ஸாண்டர் பாலத்தில் நடக்கிறது. அந்த அலெக்ஸாண்டர்தான் படத்தில் வரும் பாட்டியின் கணவர், அனஸ்தேசியாவின் தாத்தா. தாத்தா பெயர் வைத்த பாலத்தில் பேத்தி நின்று ஜெயிக்கிறாள். படத்தில் இதை யாரும் சொல்வதில்லை.

பாட்டியும் கற்பனை அல்ல. மரியா ஃபியோடொரோவ்னா, டென்மார்க் இளவரசி. ஜார் குடும்பத்துக்காக ஃபாபெர்ஜே என்ற நகைக்கலைஞரின் பட்டறை செய்த அலங்கார முட்டைகளில் முதலாவது, 1885-ல் அலெக்ஸாண்டர் இவருக்காகச் செய்யச் சொன்னதுதான். படத்து இசைப்பெட்டியைப் பார்க்கும்போதெல்லாம் அது நினைவுக்கு வரும். 1919-ல் கிரிமியாவிலிருந்து பிரிட்டிஷ் போர்க்கப்பலில் வெளியேறினார். பாரிஸ் அல்ல, பிறந்த நாடான டென்மார்க்கில் வாழ்ந்து 1928-ல், 80 வயதில் இறந்தார். மகனும் பேரப்பிள்ளைகளும் இறந்ததைக் கடைசிவரை வெளிப்படையாக ஒப்புக்கொள்ளவில்லை. ஆன்னா ஆண்டர்சனைப் பார்க்கவும் போகவில்லை.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு படம் எனக்கு வேறாகிவிட்டது. முன்பு ஆன்யாவின் கதையாகப் பார்த்தேன். இப்போது ஒரு கிழவி ஒன்பது வருடம் மனதில் ஓட்டிப் பார்த்த கதையாகப் பார்க்கிறேன். கதவு திறக்கும், யாரோ வருவார்கள், பாட்டைப் பாடுவார்கள். ஒரு நாளும் வரவில்லை. படத்தில் வருகிறாள். வரலாற்றை மாற்றியதற்காக நான் கோபப்படாதது இதனால்தான்.

படம் வந்து எட்டு மாதத்தில், 1998 ஜூலை 17 அன்று, அதுவரை கிடைத்தவர்களை பீட்டர்ஸ்பர்க்கில் பீட்டர்-பால் தேவாலயத்தில் அடக்கம் செய்தார்கள். அங்கே அனஸ்தேசியாவின் பெயரும் இருக்கிறது. டென்மார்க்கின் ரோஸ்கில்ட் தேவாலயத்தில் இருந்த பாட்டி மரியாவின் சவப்பெட்டியை 2006 செப்டம்பரில் எடுத்து வந்து அதே தேவாலயத்தில் கணவருக்குப் பக்கத்தில் வைத்தார்கள். இதை வாசித்த அன்று இரவு படத்தை மறுபடி போட்டேன். ரயில் காட்சியை ஓட்டவில்லை.