மறைக்க என்ன இருக்கிறது?

அன்புள்ள ஐயா,

தெஹிவளையில் இருக்கிறேன். மகளுக்கு மூன்று வயது. மாமி அவளுடைய படங்களை முகநூலில் போட்டுக்கொண்டே இருக்கிறார். பிறந்தநாள், முன்பள்ளியின் பெயர் எல்லாம் அதில் இருக்கும். வேண்டாம் என்றால் கோபித்துக்கொள்கிறார். கணவரோ, "எங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது?" என்கிறார். மாமியிடம் இதை எப்படிச் சொல்வது? வட்ஸ்அப்பை விட்டு வேறு செயலிக்கு மாறினால் பாதுகாப்பா?

அன்புள்ள தங்கச்சி,

முதலில் ஒரு குட்டு. உங்கள் மின்னஞ்சலின் அடியில் முழுப்பெயர், தொடர்மாடி இலக்கம், கைபேசி எண் மூன்றும் இருந்தன. வெட்டிவிட்டுத்தான் பிரசுரிக்கிறேன். மாமியைக் குறை சொல்லும் கடிதத்திலேயே இப்படியா?

செயலி விஷயத்தை விடுங்கள். வட்ஸ்அப்பில் நீங்கள் எழுதுவதை நடுவில் நின்று யாரும் வாசிக்க முடியாது. யாரோடு, எந்த நேரத்தில் கதைத்தீர்கள் என்பது நிறுவனத்துக்குத் தெரியும். அவ்வளவுதான்.

உங்கள் கணவர் சொன்னதைத்தான் என்னால் தாண்டிப் போக முடியவில்லை. கொழும்பில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைக்கு அப்படிச் சொல்ல எப்படி வாய் வருகிறது? வீட்டில் பெரியவர்கள் ஒன்றுமே சொல்லி வளர்க்கவில்லையா? 1983 ஜூலையில் தமிழர்களின் வீடு தேடித் தாக்க வந்த கும்பல்களின் கையில் வாக்காளர் இடாப்பு இருந்தது. வாக்குப் போடுவதற்காகக் கொடுத்த பெயரும் விலாசமும். அதில் யாருக்கு என்ன மறைக்க இருந்தது?

நான் 1998இல் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வெள்ளவத்தையில் பெரியம்மா வீட்டில் தங்கினேன். வடக்கிலிருந்து வருகிற தமிழர்கள் பொலிஸில் பதிய வேண்டியிருந்த காலம். வந்த அன்று சாப்பாட்டுக்கு முன்பே பெரியம்மா அந்தப் பதிவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். பெயர், ஐ.சி. (அடையாள அட்டை) நம்பர், சொந்த ஊர், வந்த காரணம், எத்தனை நாள். முத்திரை குத்திய பிரதியைப் பெரியம்மா ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு, சாமியறையில் பிள்ளையார் படத்துக்குப் பின்னால் வைப்பார். இரவில் சோதனைக்கு வந்தால் அந்த டின்தான் முதலில் வெளியே வரும். டோர்ச் வெளிச்சத்தில் கடதாசியில் உள்ள பெயரையும் கூடத்தில் நிற்கும் தலைகளையும் எண்ணிப் பார்ப்பார்கள்.

ஒருநாள் கடதாசியில் நாலு, கூடத்தில் ஐந்து. அன்று பின்னேரம்தான் சித்தியின் மகன் பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தான். அவனுக்கு ஒன்றும் நடக்கவில்லை, விடியும்வரை நிற்க வைத்துவிட்டுப் போனார்கள். ஆனால் அதற்குப் பிறகு பெரியம்மா வாசலில் யாரைக் கண்டாலும் "எத்தனை நாள் நிற்பீங்கள்?" என்றுதான் கேட்பார். "வாங்கோ" பிறகுதான் வரும். ஊரில் வந்த சனத்துக்கெல்லாம் சமைத்துப் போட்ட மனுசி அவர்.

2007 ஜூன் 7ஆம் திகதி கொழும்பு லொட்ஜுகளில் இருந்த முந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழர்களைப் பொலிஸார் பஸ்களில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பியதையும், மறுநாள் உச்ச நீதிமன்றம் அதைத் தடுத்ததையும் உங்கள் கணவர் பத்திரிகையிலாவது வாசித்திருக்க வேண்டும். சரி, அதை விடுவோம்.

நான் சொல்ல வருவது, ஒரு தேவைக்கென்று எழுதிய பட்டியல் அந்தத் தேவையோடு நின்றுவிடாது என்பதுதான். எழுதியவர் நல்லவராக இருக்கலாம். அதை அடுத்துத் திறப்பவர் யாரென்று அவருக்கே தெரியாது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இதைத்தானே சொல்கிறது: எந்த நோக்கத்துக்காகத் தரவை வாங்கினீர்களோ அதற்கு மட்டும் பயன்படுத்துங்கள், தேவை முடிந்த பிறகும் வைத்திருக்காதீர்கள். நல்ல சட்டம். 2025 மார்ச்சில் அதன் முக்கியமான பகுதிகள் நடைமுறைக்கு வரவேண்டும் என்றிருந்தது, அதையும் தள்ளிவைத்துவிட்டார்கள்.

நாங்களோ சட்டம் வரும்வரைகூடப் பொறுப்பதில்லை, ஏன் என்று கேட்காமலே கொடுக்கிறோம். எந்தத் தொடர்மாடிக்குப் போனாலும் கேட்டடியில் வருகிறவர்களின் விவரம் எழுத ஒரு சீ.ஆர். கொப்பி, தடித்த மட்டைக் கொப்பி, கிடக்கிறது. பெயர், ஐ.சி. நம்பர், போன் நம்பர், போகும் வீடு, நேரம். பழைய ஐ.சி. நம்பரில் முதல் இரண்டு இலக்கம் பிறந்த வருடம், அடுத்த மூன்றும் அந்த வருடத்தில் எத்தனையாவது நாள் என்பது, பெண் என்றால் அதோடு 500ஐக் கூட்டியிருக்கும். ஆக அந்தக் கொப்பியைப் புரட்டுகிறவனுக்கு ஒரு பெண்ணின் வயது, பிறந்தநாள், போன் நம்பர், அவள் எந்த வீட்டுக்கு எத்தனை மணிக்குப் போனாள் என்பதெல்லாம் ஒரே வரியில் கிடைத்துவிடும். முகநூலைத் திட்டுகிற எத்தனை பேர் இந்தக் கொப்பியைத் திட்டியிருக்கிறோம்?

போன ஞாயிறு ஒரு நண்பர் வீட்டு வாசலில் எழுத மாட்டேன் என்று நின்றேன். காவலாளிக்கு என் வயதுதான் இருக்கும். "எழுதாட்டி எனக்குத்தான் ஏச்சு, ஐயா" என்றார். எழுதினேன். எழுதும்போது எனக்கு மேலே இருந்த பதினொரு பேரின் விவரத்தையும் வாசித்துவிட்டேன். அதில் ஒருவர் எனக்குத் தெரிந்தவர். அந்த வீட்டுக்கு அவர் ஏன் போனார் என்று வீடு வந்து சேரும்வரை யோசித்துக்கொண்டு வந்தேன்.

மாமியோடு சண்டை வேண்டாம். பேத்தியின் படத்தை நாலு பேருக்குக் காட்ட ஆசைப்படுவது ஒரு குற்றமா? காலி வீதியில் ஸ்டூடியோ இல்லாமலா போய்விட்டது, ஐம்பது படம் அச்சடித்து ஓர் அல்பமாகக் கொடுங்கள். வருகிறவர்களுக்கு மடியில் வைத்துக் காட்டட்டும். முன்பள்ளியின் பெயரை மட்டும் இன்றைக்கே எடுக்கச் சொல்லுங்கள். அதை நீங்கள் சொல்ல வேண்டாம், உங்கள் கணவரே சொல்லட்டும். அவருடைய அம்மாதானே.